கணனியும் நாங்களும் – 9: எந்த வீட்டு அம்மா?



மாறி என்றால் என்ன என்று சென்ற இதழில் பார்த்தோம். மறந்துபோனவர்களுக்காக மீண்டும் சுருக்கமாகச் சொல்கிறோம். பெயர் எழுதி ஒட்டிய ஒரு பேணிதான் மாறி. 'சம்பளம்' என்று எழுதிய பேணிக்குள் 3800 என்ற எண்ணைப் போடலாம். பிறகு அதை எடுத்துவிட்டு 3900 போடலாம். பேணி அதேதான், உள்ளே இருப்பது மாறும்.

இந்த இதழில் அதற்கு அடுத்த கேள்விக்குப் போவோம். ஒரே பெயர் எழுதிய பேணிகள் இரண்டு இருந்தால் கணனி எதை எடுக்கும்? ஓரிடத்தில் வைத்த பேணியை இன்னோர் இடத்தில் இருப்பவர் தொடலாமா? இதற்கு ஆங்கிலத்தில் 'ஸ்கோப்' என்று பெயர். நாங்கள் 'எல்லை' என்றே சொல்வோம். ஒரு பெயர் எங்கே தொடங்கி எங்கே வரை செல்லும் என்பதுதான் அந்த எல்லை.

இது படித்தவர்களின் விடயம், எங்களுக்கு எதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இந்தச் சின்ன விடயத்தால் எங்கள் வேலையே போகப் பார்த்தது. முதலில் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறோம்.

நாங்கள் சுவிசுக்கு வந்து இரண்டாவது வருடம். இரும்புத் தண்டு கடையும் ஒரு தொழிற்சாலையில் லேத் மெசினில் நிற்கிறோம். கணனி சொல்வதைக் கேட்டு வெட்டும் மெசின் அது. தண்டைப் பூட்டுவது, பொத்தானை அமத்துவது, இருபது தண்டுக்கு ஒருமுறை அளந்து பார்ப்பது, இவ்வளவும்தான் எங்கள் வேலை. ஒருநாள் காலை வேலைக்குப் போய் வழமைபோலத் தொடங்கினோம். இருபதாவது தண்டை அளந்தபோது நெஞ்சு திக்கென்றது. ஒரு மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்கு மெலிந்திருந்தது. முதல் தண்டை எடுத்து அளந்தோம். அதுவும் அப்படித்தான். இருபதும் கழிவுத் தொட்டிக்குள் போயின.

'நீ என்ன மாற்றினாய்?' என்று செவ் கேட்டார். நாங்கள் ஒன்றையும் மாற்றவில்லை. ஆனால் அதைச் சொல்ல அப்போது எங்களிடம் இருந்த டொச் போதவில்லை. 'நைன், நைன்' என்றதைத் தவிர வேறொன்றும் வாயில் வரவில்லை. அடுத்த நாள் எச்சரிக்கைக் கடிதம் ஒன்றைத் தந்து கையெழுத்துப் போடச் சொன்னார்கள். வீட்டில் வாசித்துவிட்டு நாளைக்குத் தருகிறோம் என்று எப்படியோ சொல்லிக் கொண்டுவந்துவிட்டோம். அப்போது எங்களிடம் இருந்தது தற்காலிக அனுமதி அட்டை. வேலையும் போனால் என்ன ஆகும் என்ற பயத்தில் அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை.

கடிதத்தை வாசித்துச் சொல்ல மேல்மாடி வீட்டு மகள் வந்தாள். பதினான்கு வயதுப் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் கணனிப் பாடம் படிக்கிறாள். கடிதத்தில் '501 ஆம் மாறியின் பெறுமதி மாற்றப்பட்டிருந்தது' என்று ஒரு வரி இருந்தது. அவள் அந்த இடத்திலேயே நின்றுவிட்டாள்.

"மாமா, இந்த மெசினிலை வேற ஆக்களும் வேலை செய்யிறவையோ?"

"ஓம், இரவு ஷிப்டிலை வேற சாமான் ஓடுறது."

"அவையின்ரை புரோகிராமும் 501 ஐப் பாவிச்சால்? இது பொது மாறி மாமா. ஆர் மாத்தினாலும் எல்லாருக்கும் மாறும். நீங்கள் மாத்தேல்லை எண்டது சரியாயிருக்கும்."

அவள் சொன்னதை ஒரு தாளில் டொச்சில் எழுதித் தந்தாள். மறுநாள் அந்தத் தாளை மெசினுக்குப் புரோகிராம் எழுதுபவரிடம் கொடுத்தோம். அவர் இரண்டு புரோகிராம்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிள்ளை சொன்னது சரியாக இருந்தது. இரவில் ஓடிய புதிய புரோகிராம் தன் தேவைக்காக 501 இல் ஓர் அளவை எழுதியிருந்தது. காலையில் எங்கள் புரோகிராம் அதையே தன்னுடைய அளவு என்று நினைத்து வெட்டியது. கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். மன்னிப்பு என்று எவரும் சொல்லவில்லை. ஆனாலும் வேலை தப்பியது. அந்த மாதமே மாலை வகுப்பில் பெயரைப் பதிந்தோம். இந்தப் பக்கத்தை எழுதுவதற்கும் அதுதான் காரணம்.

இனி விடயத்துக்கு வருவோம்.

நாங்கள் இருக்கும் தொடர்மாடியை நினைத்துப் பாருங்கள். எட்டு வீடுகள். எந்த வீட்டுக்குள் நின்று ஒரு பிள்ளை 'அம்மா' என்று கூப்பிட்டாலும் அந்த வீட்டு அம்மாதான் வருவா. பெயர் ஒன்று, ஆட்கள் எட்டு, ஆனால் குழப்பம் இல்லை. ஏனென்றால் அந்தப் பெயரின் எல்லை வீட்டுக் கதவோடு முடிகிறது. இதுதான் உள் மாறி. கீழே நிலவறையில் உடுப்புத் தோய்க்கும் மெசின் ஒன்று இருக்கிறது. அது எட்டு வீட்டுக்கும் ஒன்று. நாங்கள் 30 பாகையில் வைத்துவிட்டு வர, இன்னொருவர் வந்து 95 ஆக்கிவிட்டுப் போவார். பார்க்காமல் கம்பளிச் சட்டையைப் போட்டால் அது பொம்மைச் சட்டையாக வெளியே வரும். இதுதான் பொது மாறி. எங்கள் 501 இப்படிப்பட்டதுதான்.

எங்கள் மெசின் போன்ற பல மெசின்களில் மாறிகளுக்குப் பெயர் இல்லை, எண்தான் உண்டு. 1 முதல் 33 வரையுள்ளவை உள் மாறிகள். 100 இல் தொடங்குபவை பொது மாறிகள், மின்சாரத்தை நிறுத்தினால் அழிந்துவிடும். 500 இல் தொடங்குபவையும் பொது, ஆனால் மின்சாரத்தை நிறுத்தினாலும் அழியாது. ஒரு புரோகிராம் இன்னொரு சிறு புரோகிராமை ஜி 65 என்று அழைத்தால், அந்தச் சிறு புரோகிராமுக்கு 1 முதல் 33 வரை புதிய பேணிகள் கிடைக்கும். எம் 98 என்று அழைத்தால் புதிதாகக் கிடைக்காது, அழைத்தவரின் பேணிகளையே அது தொடும். இந்த வித்தியாசத்தைத் தெரியாமல் ஒன்றுக்குப் பதில் மற்றதை எழுதினால் இரும்பு வீணாகும். மெசின் வேலை செய்யும் தம்பிமார் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

மற்ற கணனி மொழிகளிலும் இதே சங்கதிதான். ஆனால் ஒவ்வொரு மொழிக்கும் ஒவ்வொரு சட்டம். பழையதிலிருந்து வருவோம்.

1964 இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கெமெனி, கேர்ட்ஸ் என்ற இரு ஆசிரியர்கள் மாணவர்களுக்காக பேசிக் என்ற மொழியை ஆக்கினார்கள். அதில் எல்லாமே பொது. வீடும் இல்லை, கதவும் இல்லை. பெயரும் ஓர் எழுத்து, அல்லது ஓர் எழுத்தும் ஓர் எண்ணும்தான். ஆங்கில எழுத்து 26, அவற்றோடு 0 முதல் 9 வரை சேர்த்தால் இன்னும் 260, ஆக மொத்தம் 286 பெயர்கள். பத்து வரிப் புரோகிராமுக்கு இது தாராளம். ஆயிரம் வரியானால் முதலாம் பக்கத்தில் எழுதிய 'ஏ' யைப் பத்தாம் பக்கத்தில் தெரியாமல் அழித்துவிடுவோம்.

வீடும் கதவும் என்ற யோசனையை நன்றாக ஒழுங்குபடுத்தியது 1960 இல் வெளிவந்த அல்கோல் 60 என்ற மொழி. அதற்கு முன்னோடியான அல்கோல் 58 ஐ ஆக்கிய கூட்டம் 1958 இல் நடந்தது எங்கள் சூரிச் நகரில்தான். அல்கோல் 60 இல் 'தொடக்கம்' என்ற சொல்லுக்கும் 'முடிவு' என்ற சொல்லுக்கும் இடையில் இருப்பது ஒரு வீடு. அதற்குள் அறிவித்த பெயர் அதற்குள் மட்டுமே செல்லும். வீட்டுக்குள் அறை வைக்கலாம், அறைக்குள் அலுமாரி வைக்கலாம். உள்ளே நிற்பவர் வெளியே இருப்பதைப் பார்க்கலாம். வெளியே நிற்பவர் உள்ளே பார்க்க முடியாது. ஒரு பெயரை முதலில் தன் அறையில் தேட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வெளி அறையில், அங்கேயும் இல்லாவிட்டால் அதற்கும் வெளியே. உள்ளேயும் வெளியேயும் ஒரே பெயர் இருந்தால் உள்ளே இருப்பதே வெல்லும்.

வின்ரத்தூரில் பிறந்து சூரிச் தொழில்நுட்ப உயர்கல்லூரியில் படிப்பித்த நிக்லவுஸ் வேர்த் 1970 இல் பாஸ்கல் என்ற மொழியை வெளியிட்டார். அதிலும் இதே சட்டம்தான். பாவிக்கப்போகும் மாறிகளை எல்லாம் முதலிலேயே அறிவிக்க வேண்டும், சமையலுக்கு முன் சாமான்களை மேசையில் எடுத்து வைப்பதுபோல. உலகமெங்கும் பல பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் முதல் படித்த மொழி இது. வேர்த் 2024 சனவரி முதலாம் திகதி காலமானார். நாங்கள் தினமும் ரெயில் ஏறும் ஊர்களில் வாழ்ந்த ஒருவர் உலகத்துக்கே இதைப் படிப்பித்தார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இப்போது ஒரு சின்னப் புரோகிராமைப் பார்ப்போம். பங்சன் என்பது பெயர் வைத்த சிறு புரோகிராம். பெயரைச் சொல்லி அழைத்தால் தன் வேலையைச் செய்துவிட்டு வரும்.

மொத்தம் = 100
பங்சன் கூட்டு:
    மொத்தம் = மொத்தம் + 20

இப்போது 'கூட்டு' என்பதை ஒருமுறை அழைத்துவிட்டு, வெளியே நின்று மொத்தம் எவ்வளவு என்று கேட்கிறோம். விடை என்ன? 120 என்று சொல்வீர்கள். எந்த மொழி என்று கேட்ட பிறகே விடை சொல்ல வேண்டும்.

சி என்ற மொழியில் 120. பாஸ்கலிலும் 120. உள்ளே 'மொத்தம்' என்று தனியாக ஒன்றை அறிவிக்கவில்லை, ஆகவே வெளியே இருப்பதை எடுத்துக் கூட்டிவிடும். இணையப் பக்கங்களில் ஓடும் யாவாஸ்கிரிப்டிலும் 120.

பிஎச்பி என்ற மொழியில் வெளியே 100 அப்படியே இருக்கும். அங்கே பங்சனின் கதவு இறுக்கமானது. வெளியே உள்ள பேணி உள்ளே கண்ணுக்குத் தெரியாது. உள்ளே 'மொத்தம்' என்று வேறொரு வெறும் பேணி உண்டாகி, அதில் 20 விழுந்து, பங்சன் முடிய அதுவும் மறைந்துவிடும். வெளியே உள்ளதுதான் வேண்டுமென்றால் 'குளோபல்' என்று முதலில் எழுதிக் கேட்க வேண்டும்.

பள்ளிக்கூடங்களில் பலர் படிக்கும் பைத்தனில் விடையே வராது. பிழை என்று சொல்லி நின்றுவிடும். பைத்தனின் சட்டம் இது: ஒரு பங்சனுக்குள் எங்காவது ஒரு பெயருக்குப் பெறுமதி கொடுத்தால், அந்தப் பெயர் அந்தப் பங்சன் முழுவதற்கும் உள் மாறி. ஆகவே இங்கே 'மொத்தம்' உள் மாறி ஆகிவிட்டது. ஆனால் அதோடு 20 ஐக் கூட்டப் போனால் பேணிக்குள் இன்னும் ஒன்றும் போடவில்லை. வெறும் பேணியில் எதைக் கூட்டுவது? அதனால்தான் பிழை. வெளியே இருப்பதை வாசிக்க மட்டும் என்றால் பைத்தன் விடும். மாற்றுவதென்றால் 'குளோபல்' என்று எழுத வேண்டும். பங்சனுக்குள் பங்சன் இருந்து, நடுவில் உள்ளதை மாற்றுவதென்றால் 'நொன்லோக்கல்' என்று எழுத வேண்டும். இந்தச் சொல் 2008 இல் பைத்தன் 3 உடன் வந்தது. பைத்தன் 3 இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதும் ஒரு சந்தோசமான செய்தி. 'மொத்தம்' என்று எழுதினால் அது ஏற்றுக்கொள்ளும்.

மூன்று மொழிகளுக்கு ஒரு விடை, இன்னொன்றுக்கு வேறு விடை, மற்றதற்கு விடையே இல்லை. ஊருக்கு ஊர் சட்டம் வேறு. இந்த நாட்டில் ஓகஸ்ட் முதலாம் திகதி எல்லாக் கன்ரோனுக்கும் விடுமுறை. சனவரி இரண்டாம் திகதி சில கன்ரோன்களுக்கு மட்டும். இடம் மாறிப் போகிறவர் அந்த இடத்துச் சட்டத்தைக் கேட்டுத்தான் நடக்க வேண்டும்.

யாவாஸ்கிரிப்டைப் பற்றி இன்னும் கொஞ்சம். 1995 இல் பிரெண்டன் ஐக் என்பவர் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பத்து நாட்களில் அதன் முதல் வடிவத்தை எழுதினார். அதில் 'வார்' என்று அறிவித்த மாறிக்கு வீடு உண்டு, அறை இல்லை. அதாவது ஒரு பங்சனுக்குள் எங்கே அறிவித்தாலும் பங்சன் முழுவதும் செல்லும். இதனால் ஒரு தொல்லை வந்தது. மூன்று பொத்தான்களுக்கு 1, 2, 3 என்று ஒவ்வோர் எண்ணைக் கொடுக்க ஒரு சுற்று எழுதுவோம். பிறகு எந்தப் பொத்தானை அமத்தினாலும் 4 என்றே வரும்! ஏனென்றால் மூன்று பொத்தானும் பார்ப்பது ஒரே பேணியை. அமத்தும் நேரத்துக்குச் சுற்று முடிந்து பேணியில் 4 நிற்கிறது. 2015 இல் 'லெட்' என்ற சொல் வந்தது. அதில் ஒவ்வொரு சுற்றுக்கும் புதிய பேணி. அதன்பிறகு 1, 2, 3 என்று ஒழுங்காக வருகிறது. கூகுளில் உருவான கோ என்ற மொழியிலும் இதே தொல்லை இருந்து, 2024 பெப்ரவரியில் வந்த 1.22 ஆம் பதிப்பில்தான் சட்டத்தை மாற்றினார்கள். பெரிய பெரிய ஆட்களே இதில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். நாங்கள் விழுவதில் வெட்கம் இல்லை.

கடைசியாக, கொஞ்சம் கடினமான ஒன்று. சமையலை வைத்தே சொல்கிறோம்.

ஊரிலிருந்து அம்மா சர்க்கரைப் பொங்கலுக்குக் குறிப்பு எழுதி அனுப்பினா. 'இரண்டு சுண்டு அரிசிக்கு அரைக் கிலோ சர்க்கரை' என்று இருந்தது. அம்மாவின் சுண்டு பால்பேணி. எங்கள் அறையில் நாங்கள் சுண்டு என்று சொல்லி அளப்பது ஒரு பெரிய தேத்தண்ணிக் கோப்பை. அதால் இரண்டு அளந்து போட்டோம். பொங்கல் பொங்கியது, இனிக்கவில்லை. குறிப்பில் பிழை இல்லை, எங்கள் கையிலும் பிழை இல்லை. 'சுண்டு' என்ற பெயருக்கு எந்த வீட்டில் பொருள் தேடினோம் என்பதில்தான் பிழை.

கணனி மொழிகளிலும் இந்த இரண்டு வழியும் உண்டு. ஒரு பங்சனுக்குள் வரும் பெயரை, அந்தப் பங்சன் எழுதப்பட்ட வீட்டில் தேடுவது ஒரு வழி. அதை அழைத்த வீட்டில் தேடுவது மற்ற வழி. ஜோன் மக்கார்த்தி 1958 இல் தொடங்கிய லிஸ்ப் என்ற பழைய மொழி இரண்டாவது வழியில் போனது. கணனிக்கு அது சுலபமாக இருந்தது, ஆகக் கடைசியாக அந்தப் பெயரில் வைத்ததை எடுத்தால் போதும். ஆனால் எழுதியவர் ஒன்றை நினைக்க அழைத்தவர் வீட்டில் இன்னொன்று நடந்தது. 1975 இல் சஸ்மன், ஸ்ரீல் என்ற இருவர் ஆக்கிய ஸ்கீம் என்ற மொழி, லிஸ்ப் குடும்பத்திலேயே முதலாவது வழிக்கு மாறியது. பாஸ்கல், சி, பைத்தன், யாவாஸ்கிரிப்ட் எல்லாம் முதலாவது வழிதான். பாஷ் என்ற கட்டளை மொழி இன்றும் இரண்டாவது வழியில் போகிறது. பேர்ள் என்ற மொழியில் இரண்டும் உண்டு. 'மை' என்று எழுதினால் எழுதிய வீடு, 'லோக்கல்' என்று எழுதினால் அழைத்த வீடு.

அந்தப் பொங்கலுக்குப் பிறகு, ஊருக்குப் போய்வந்த ஒருவரிடம் அம்மா ஒரு வெறும் பால்பேணியைக் கொடுத்துவிட்டா. இப்போது எந்த நாட்டில் சமைத்தாலும் அளவு பிழைக்காது. குறிப்போடு அதற்குரிய அளவுப் பேணியும் சேர்ந்து வந்துவிட்டது. கணனியிலும் ஒரு பங்சன் தான் பிறந்த வீட்டு மாறிகளைத் தன்னோடு கட்டிக்கொண்டு வேறு இடம் போவது உண்டு. அதற்கு 'குளோசர்' என்று பெயர். அதைப் பற்றி அடுத்த இதழில் விரிவாகப் பார்ப்போம்.

பிள்ளைகள் கணனியில் எழுதும்போது பக்கத்தில் இருந்து மூன்று கேள்வி கேளுங்கள். உங்களுக்கு மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இந்தப் பெயரை எங்கே அறிவித்தாய்? இதை வேறு யார் மாற்றலாம்? வேலை முடிந்த பிறகும் இது இருக்குமா? பொது மாறி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. வைக்கத்தான் வேண்டும் என்றால் பார்த்தவுடன் விளங்கும் நீளமான பெயராக வைக்கச் சொல்லுங்கள்.

பெரியவர்களுக்கும் ஒன்று. விளங்காத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு நாள் தவணை கேளுங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளையிடம் கேட்பது குறைவல்ல. எங்களைக் காப்பாற்றியது மேல்மாடி வீட்டுப் பிள்ளையின் பள்ளிக்கூடப் பாடம். அவள் இப்போது கணனித் தொழில் பழகுகிறாள். படிகளில் கண்டால், "மாமா, 501 சுகமோ?" என்று கேட்டுச் சிரிப்பாள். சுகம்தான். அந்த எண்ணின் பக்கத்தில் எந்தப் புரோகிராமுக்கு உரியது என்று எழுதி, மெசினில் ஒட்டி வைத்திருக்கிறோம்.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.